கடலுக்கு முதுகு காட்டிய அறை

இலங்கை ஒரு சின்ன நாடு, சுற்றிவரக் கடல். இதை ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிடுவார்கள். படத்தைக் கீறிச் சுற்றிவர நீலம் தீட்டினால் புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த நீலத்தைப் பார்ப்பதற்கென்றே வேறு நாடுகளிலிருந்து மனிதர்கள் பிளேன் ஏறி வருவார்கள் என்பதையோ, வந்தால் அவர்களுக்கு யன்னலை எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்பதையோ எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, நாற்பத்தொன்பது வயதுவரை கடலோடேயே புழங்கிய ஸ்ரீபன், வெளிநாட்டு விருந்தாளிகளுக்கென்று ஆசை ஆசையாக ஓர் அறை கட்டியபோது, கடல் பக்கம் ஒரு ஓட்டைகூட வைக்காமல் கட்டி முடித்தார்.

கடல் அந்தச் சுவரிலிருந்து எழுபது அடி தூரத்தில்தான் இருந்தது. அது பாவம், ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ரீபன் ஆள் கட்டை, மீசை நீளம், குரல் அதைவிட நீளம். கரைவலை இழுக்கும் நாளில் அவர் குரல் கொடுத்தால் மாதா கோயிலடியில் படுத்திருக்கும் நாய்கூட எழும்பி வந்து கயிறு பிடிக்கும் என்பார்கள். "ஸ்ரீபண்ணை கத்துவார், நாங்கள் இழுப்பம்" என்று றொமேஸ் சொல்வான். றொமேஸ் முன்வீட்டுக்காரன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஒட்டுப்போடும் கடை வைத்திருக்கிறான். அவனுடைய வாய்க்குத்தான் ஒட்டுப்போட ஊரில் ஆளில்லை. அவன் சொல்வது பொய். ஸ்ரீபன் கத்திக்கொண்டே இழுத்தவர். இழுத்து இழுத்துத்தான் முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகி, "இனி வலையைத் தொட்டால் எழும்பி நடக்க மாட்டீர்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிறகு ஓட்டோ ஓடினார். ரோட்டில் இருந்த பள்ளங்கள் எல்லாம் அந்த ஒரு முதுகுக்காகவே காத்திருந்தவை போல வேலை செய்தன.

அப்போதுதான் வவுனியாவிலிருந்து செல்வராசா போன் எடுத்தார். செல்வராசா, ஸ்ரீபனின் மனைவி புனிதத்தின் தம்பி. வவுனியா ரவுணில் ஒரு பெரிய இரும்புக்கடையை நடத்துகிறவர்.

"அத்தான், வோச்சர் வேலை ஒண்டிருக்கு. வேலை எண்டு சொல்லவும் ஏலாது, கேற்றடியில கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறதுதான். பின்னுக்கு அறையும் இருக்கு. அக்காவையும் பிள்ளை டிலுசாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"மச்சான், எனக்கு அங்க நித்திரை வராதடா."

"நித்திரை வராதோ? அப்ப உங்களை விட நல்ல வோச்சர் எனக்கு ஆர் கிடைக்கப் போறான் அத்தான்?"

"ஆவணி முடியுமட்டும் வேற ஆளைப் போடாமல் வைச்சிருக்கிறன்" என்று சொல்லிச் செல்வராசா போனை வைத்தார்.

நித்திரை விஷயம் பகிடி இல்லை. ஸ்ரீபனுக்கு அது ஒரு வியாதி. கடல் இரைச்சல் காதில் விழாவிட்டால் கண் மூடாது. யுத்தம் முடிந்த 2009இல் எல்லோரோடும் சேர்த்துச் செட்டிகுளத்து முகாமில் கொண்டுபோய் விட்டபோதுதான் அது அவருக்கே தெரிந்தது. அங்கே சுற்றிவரக் கம்பி, அதற்கப்பால் காடு. கடல் எந்தப் பக்கம் என்று கையைக் காட்டக்கூட முடியாது. ஸ்ரீபன் என்ன செய்தார் என்றால், படுக்கப் போகுமுன் தறப்பாள் கொட்டிலின் ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். காற்றுக்கு அந்த மூலை படபடவென்று அடிக்க, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் தூரத்துக் கடல் போல ஒரு சத்தம் வரும். புனிதம் எழும்பிப் போய்க் கட்டுவார். ஸ்ரீபன் எழும்பிப் போய் அவிழ்ப்பார். பக்கத்துக் கொட்டில்காரர் இரண்டு பேரையும் சேர்த்து ஏசுவார்கள். இப்படியே பத்து மாதம். ஊருக்குத் திரும்பிய நாளில், வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. ஸ்ரீபன் அந்த அத்திவாரத்திலேயே சாய்ந்து, ஒரு மத்தியானம் தொடங்கி அடுத்த மத்தியானம்வரை படுத்தார். புனிதம் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்துத்தான் ஆள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தினார்.

இப்படிப்பட்ட மனிதன் வவுனியாவில் கேற்றடியில் இருந்தால் இரும்புக்கடைக்கு நல்லதுதான். மனிதனுக்கு?

வழி ஒன்று தானாக வந்தது. உல்லாசப் பயணிகளை எப்படி வரவேற்பது என்று ரவுணில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடும் தருவதாகச் சொன்னதால் ஸ்ரீபன் போனார். அங்கே வந்த ஐயா, "எங்கட சின்ன நாட்டுக்குக் கடவுள் தந்த மூலதனம் கடல்தான். வீட்டிலேயே ஒரு அறையைக் கட்டிவிட்டால் போதும், உலகம் உங்களைத் தேடி வரும்" என்று சொன்னார். சோற்றுப் பார்சலோடும் ஒரு பைலோடும் வீட்டுக்கு வந்த ஸ்ரீபன், பைலைத் திறக்காமலேயே அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்.

இனி அந்தச் சுவர் விஷயம். கடலோரத்து வீடுகளைப் போய்ப் பாருங்கள். எல்லா வீடும் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கும். கடல் பக்கம் என்பது பின்பக்கம். வலை கிடக்கும், கருவாடு காயும், கோழி மேயும், குப்பை எரியும். விருந்தாளியை யாராவது பின்பக்கம் பார்க்க விடுவார்களா? அது முதலாவது காரணம். உப்புக்காற்று பட்டால் யன்னல் பிணைச்சல் ஆறு மாதத்தில் கறள் பிடித்துவிடும். அது இரண்டாவது. மூன்றாவதுதான் ஸ்ரீபன் தன் மூளையைப் போட்டுக் கண்டுபிடித்தது. "காசு குடுத்துப் படுக்க வாற சனம். இந்தக் கடல் விடிய விடியக் கத்தினால் அதுகள் எப்பிடிப் படுக்கும்?" தனக்கு மருந்தாக இருப்பது மற்றவர்களுக்கு உபத்திரவம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மீன் பெட்டிகளை உடைத்து, அந்த வெள்ளை றெஜிபோம் துண்டுகளைக் கடல் பக்கச் சுவர் முழுவதும் உள்ளுக்கு ஒட்டினார். இரைச்சல் செத்தது. றெஜிபோமை மறைக்க, பனிமலையும் ஏரியும் இரண்டு அன்னங்களும் உள்ள பெரிய சுவிஸ் படம் ஒன்றை வாங்கி அதன்மேல் ஒட்டினார். நல்ல வெயிலில் அந்தப் பனிமலையிலிருந்து லேசாகப் பாரை மீன் மணக்கும்.

நாலாவது காரணம் ஒன்றும் இருந்தது. அதை ஸ்ரீபன் யாரிடமும் சொன்னதில்லை. 2004 மார்கழியில், அந்த ஞாயிற்றுக்கிழமை, புனிதத்தின் தங்கையைத் தண்ணீர் கொண்டுபோனது. அதன்பிறகு புனிதம் கடலை ஏசியதும் இல்லை, அதோடு கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனதும் இல்லை. பார்ப்பதில்லை, அவ்வளவுதான். மீன் வந்தால் வெட்டுவார், கருவாடு காயவைப்பார். எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே. அறைக்கு நூல் பிடித்த அன்று, "அந்தப் பக்கம் ஒண்டும் வைக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னார். ஸ்ரீபன் ஏன் என்று கேட்கவில்லை.

வாசலில் மாட்டிய பலகையில் "சீ வியூ றூம்" என்று எழுதியிருந்தது. திருகோணமலையில் எல்லாப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.

"ஸ்ரீபண்ணை, சீ வியூ எண்டு போட்டிருக்கிறியள். யன்னலுக்கால எட்டிப் பாத்தால் என்ர கடையெல்லோ தெரியுது" என்றான் றொமேஸ்.

"அது உனக்குப் பெருமைதானேடா. தலையை இழுத்துக்கொண்டு நில்."

றொமேஸ் அன்றிலிருந்து கடையில் ஒரு சீப்பு வைத்திருந்தான்.

ஸ்ரீபனின் மகள் டிலுசா ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தவள். அறையைப் போனில் விளம்பரப்படுத்தியது அவள்தான். படத்தைப் பார்த்து ஸ்ரீபன் ஏசினார். "அறையை எடுக்கச் சொன்னால் கடலை எடுத்து வைச்சிருக்கிறாய்!"

"அப்பா, அறையை எடுத்தால் ஆர் வருவினம்?"

ஆவணி நடுப்பகுதியில் இரண்டு பேர் வந்தார்கள். போர்த்துக்கல் நாட்டுக்காரர். றூயி என்ற அறுபது வயதுத் தபால்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி இனேஸ். மூன்று நாளுக்குப் பதிந்திருந்தார்கள். "இவையள் நல்லதா நாலு வரி எழுதினால் காணும் அப்பா, பிறகு வரிசையா வருவினம். எழுதாட்டி இந்த அறையில நெல்லைத்தான் கொட்டலாம்" என்று டிலுசா சொல்லியிருந்தாள். ஸ்ரீபனுக்கு அது மூன்று நாள் சோதனை. பாஸ் என்றால் கடல், பெயில் என்றால் வவுனியா. அவர் பள்ளிக்கூடத்தில் எழுதிய எந்தச் சோதனைக்கும் இப்படிப் பயந்தது கிடையாது. எழுதியதே கொஞ்சம்தான் என்பது வேறு கதை.

வந்திறங்கியதும் புனிதம் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டார். "கதிரை, கதிரை, இருங்கோ" என்றார். இனேஸ் திகைத்துப்போய் நின்றார். "கதெய்ரா?" என்று கேட்டுக் கதிரையைத் தட்டினார். பிறகு மேசையைத் தட்டினார். "மேசை" என்றார் புனிதம். அதற்குப் பிறகு இரண்டு பெண்களையும் பிடிக்க முடியவில்லை. அலுமாரி, குசினி, சப்பாத்து, துவாய் என்று இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களைத் தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். இடையில் ஆங்கிலம் பேசப்போன டிலுசாவை ஒருவரும் கவனிக்கவில்லை.

"போர்த்துக்கீசர் ஆண்ட காலத்தில விட்டிட்டுப் போன கதிரையைத் திருப்பி எடுக்க வந்திருக்கினம் போல. கவனமண்ணை" என்று றொமேஸ் ரோட்டுக்கு அப்பாலிருந்து கத்தினான்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. உபசாரம்தான் கெடுத்தது.

கரையில் விருந்தாளிக்கு மீன் கொடுப்பதில்லை. மீன் வீட்டுக்காரர் தின்பது. வந்தவருக்கு மீன் வைத்தால், "உங்களுக்கு இது போதும்" என்று சொல்வது மாதிரி. அதனால் காலையில் பாணும் ஜாமும், மத்தியானம் கோழி, இரவு கோழி. றூயி கோழியைப் பார்த்துச் சிரித்தார். இரவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் குறைவாக.

மற்றநாள் விடிய ஸ்ரீபன் பாண் வாங்கப் போய்த் திரும்பி வந்தால் விருந்தாளிகளைக் காணவில்லை, முற்றத்துக் கதிரை இரண்டையும் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தார். கருவாட்டுப் பந்தலுக்கும் குப்பைக் கிடங்குக்கும் நடுவில் கதிரைகளைப் போட்டு, கடலைப் பார்த்தபடி அவர்கள் இரண்டு பேரும். ஒரு கோழி றூயியின் சப்பாத்துக் கயிற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. ஸ்ரீபனுக்கு மானம் போயே போய்விட்டது.

"நோ சேர், நோ! குப்பை! முன்னுக்கு வாங்கோ, முன்னுக்கு!"

கதிரைகளைத் தானே தூக்கிக்கொண்டுபோய் முன்பக்கம் வேப்பமரத்தடியில் போட்டு, ஒரு துவாயால் துடைத்தும் விட்டார். அவர்கள் மரியாதைக்கு வந்து இருந்தார்கள். எதிரே றொமேஸ் ஒரு ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் சீப்பை எடுத்துத் தலையை இழுத்தான். பத்து நிமிடத்தில் கதிரைகள் திரும்பவும் பின்பக்கம் போயின. ஸ்ரீபன் திரும்பவும் தூக்கி வந்தார். மூன்றாம் முறை தூக்கும்போது முதுகு பிடித்தது. அன்று பின்னேரம் ஓட்டோவில் ஏற்றி ஊர் காட்டினார். புதிய பஸ் நிலையம், தார் போட்ட ரோட்டு, ஏசி போட்ட துணிக்கடை. முல்லைத்தீவில் காட்டக்கூடிய எல்லாவற்றையும் காட்டினார். கடலைத் தவிர.

மூன்றாம் நாள் விடிய அவர்கள் வெளியே வந்தபோது இரண்டு பேரின் கண்ணும் சிவந்திருந்தது. பையும் கட்டியாகிவிட்டது. டிலுசா போய்க் கதைத்துவிட்டு, சொல்ல மனமில்லாமல் நின்றாள்.

"என்னவாம்?"

"பத்து மணி பஸ்ஸில போகினமாம் அப்பா. திருகோணமலைக்கு."

"ஏன்? என்ன பிழையாம்? கோழி அவியேல்லையோ?"

"பிழை ஒண்டும் இல்லையாம். நாங்கள் நல்ல ஆக்களாம். அங்க கடல் தெரியிற இடம் ஒண்டு இருக்காம்."

ஸ்ரீபன் வாசல் பலகையைப் பார்த்தார். பிறகு பின்பக்கமாக நடந்து தன்னுடைய வாடிக்குப் போனார். வாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கடற்கரை மணலில் நாலு தடி நட்டு, கிடுகு போட்டு, வலை வைக்கிற கொட்டில். வலையைத் தொடக்கூடாது என்று சொன்ன பிறகும் ஸ்ரீபன் வலைக்குவியலுக்கு மேல்தான் இரவில் படுப்பார். கடல் அங்கே கையெட்டும் தூரத்தில் இரையும்.

வலைக்குமேல் குந்தியிருந்து போனை எடுத்தார்.

"மச்சான், நான் வாறன்."

"உண்மையாவோ அத்தான்? எப்ப?"

"சனிக்கிழமை. வானை அனுப்பு. கட்டில் ஒண்டும் அலுமாரியும்தான் ஏத்த இருக்கு."

"நானே கொண்டு வாறன்" என்றார் செல்வராசா. சந்தோஷமாகத்தான் சொன்னார், அவர் நல்ல மனிதன். "என்னத்தான் சத்தம் கேக்குது? கடலோ?"

"ஓம். கடல்தான்" என்று ஸ்ரீபன் சொன்னார். செல்வராசா வைத்த பிறகும் போனைக் காதிலேயே பிடித்திருந்தார்.

றூயி அங்கே வந்தது அப்போதுதான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கடைசியாகக் கடலை ஒருக்கால் பார்த்துவிட்டுப் போக வந்திருப்பார். ஸ்ரீபனைக் கண்டதும் வாடிக்குள் குனிந்து வந்தார். வலையைத் தடவிப் பார்த்து, ஒரு கண்ணியை விரலால் விரித்துப் பார்த்து, தெரிந்த ஆள் மாதிரித் தலையாட்டினார். பிறகு, இருக்கட்டுமா என்று கையால் கேட்டார். ஸ்ரீபன் தள்ளி இருந்து இடம் கொடுத்தார். இரண்டு பேருக்கும் பேச மொழியில்லை. கடல் வந்து வந்து போனது. றூயி மெதுவாகச் சாய்ந்தார். ஸ்ரீபன் ஒரு பீடியைப் பற்றவைத்து, "சேர்?" என்று நீட்டத் திரும்பினால், சேர் குறட்டை விடத் தொடங்கியிருந்தார்.

அதுவும் சும்மா குறட்டை இல்லை. என்ஜின் போட்ட படகு கரையை விட்டுப் போகிற மாதிரி.

ஸ்ரீபன் பீடியை மணலில் அணைத்தார். எழும்பினால் வலை அசையும் என்று எழும்பவில்லை. காலைச் சுருக்கிக்கொண்டு அப்படியே இருந்தார். ஒன்பதரை போனது. பத்து மணி பஸ் கோன் அடித்துக்கொண்டு ரோட்டால் போனது. பையும் கையுமாகத் தேடிவந்த இனேஸ் வாடிக்குள் எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு டிலுசாவிடம் நிறையச் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்தார். சிரிப்பா வேறா என்று தெரியவில்லை.

"என்னடி சொல்லுறா?" என்றார் ஸ்ரீபன், தொண்டைக்குள்ளேயே.

"ரெண்டு இரவும் அவர் ஒரு பொட்டு நித்திரை கொள்ளேல்லையாம் அப்பா. அவற்ற அப்பாவும் கடலுக்குப் போன ஆளாம். வீடு கடற்கரையிலயாம். கடல் சத்தம் கேட்காட்டி அவருக்கு நித்திரை வராதாம். எங்க போனாலும் கடலடியிலதான் அறை எடுக்கிறவையாம். எங்கட படத்தைப் பாத்திட்டுத்தான் வந்தவையாம். சுவருக்கு அங்கால கடல் இருக்கு எண்டு தெரியுதாம், ஆனா கேக்குதில்லையாம். விசர் பிடிச்ச மாதிரி இருந்ததாம்."

"அவருக்குமோ?" என்றார் ஸ்ரீபன்.

இந்த வியாதி உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தவர். அதற்கு மருந்தான இரைச்சலைத்தான் மீன் பெட்டி உடைத்து ஒட்டி, பனிமலை போட்டு மூடியிருக்கிறார். காசு கொடுத்து அதைக் கேட்க வந்த மனிதனுக்கு, கேட்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறார்.

பேச்சுச் சத்தம் கேட்டு, கடலைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி வாடிப்பக்கம் வந்த புனிதம், தூங்குகிறவரைப் பார்த்துப் பயந்துபோனார். "இஞ்சருங்கோ, மூச்சு வருதோ எண்டு பாருங்கோ!"

"குறட்டை கேக்கேல்லையோ உனக்கு?"

"நீங்களும் அண்டைக்கு இப்பிடித்தான் கிடந்தீங்கள்" என்றார் புனிதம். அத்திவாரத்தில் படுத்த அந்த நாளை அவர் மறக்கவில்லை.

றூயி மத்தியானம் இரண்டு மணிக்கு எழும்பினார். வாடியில் கூரை இருக்கிறது, வலை இருக்கிறது, திருகோணமலைக்கு இனி ஏன் போகவேண்டும் என்பதுதான் அவருடைய முடிவு. "அதுக்குள்ளயோ? அது நாய் படுக்கிற இடம் எண்டு சொல்லடி" என்று ஸ்ரீபன் டிலுசாவிடம் கெஞ்சினார். அவள் அப்படியே சொன்னாள். நாய்க்கு நல்ல மூளை என்று றூயி பதில் சொன்னாராம்.

அன்று பின்னேரம் இன்னொன்றும் நடந்தது. புனிதம் பூனைக்குப் போட ஒரு சட்டி சூடை மீன் வைத்திருந்தார். சூடை, கரையில் கடைசி மீன். முள்ளு நிறைய, மதிப்புக் கொஞ்சம். தங்கள் ஊரில் ஆசையாகச் சுட்டுத் தின்கிற மீனின் சாதி என்று இனேஸ் அதைக் கண்டதும் சட்டியைக் கட்டிப்பிடிக்காத குறை. உப்பைத் தூவி, தென்னஞ்சிரட்டை நெருப்பில் தானே சுட்டுப் பாணுக்கு மேல் வைத்து, முதல் துண்டைப் புனிதத்துக்குத்தான் கொடுத்தார். புனிதம் வெட்கத்தோடு தின்றார். வந்தவர்கள் முன்னால் சூடை தின்றது அவருடைய சீவியத்தில் அதுதான் முதல். பூனை அன்று முழுக்க ஒருவரோடும் பேசவில்லை.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. இனேஸ் அறைக்குள் போய், பனிமலைச் சுவரின் முன்னால் நின்று, அன்னத்தின் நெற்றியில் விரலை மடக்கித் தட்டினார். றெஜிபோம் தொம்தொம் என்றது. கதவடியில் நின்ற புனிதத்தைத் திரும்பிப் பார்த்து, "ஜனெலா" என்றார்.

டிலுசா மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். "எனக்கு விளங்குது" என்றார் புனிதம். "யன்னல்."

ஸ்ரீபன் முற்றத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவசரமாக உள்ளே வந்தார். "அதெல்லாம் வேண்டாம் எண்டு சொல்லடி டிலுசா. வாற ஆக்கள் வாடியில படுக்கட்டும். இந்தச் சுவர் இப்பிடியே இருக்கட்டும்." மனைவியின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். வவுனியாவுக்குப் போனாலும் போவார், அந்தச் சுவரைத் தொடமாட்டார்.

புனிதம் குசினிக்குள் போனார். அழப் போகிறார் என்று ஸ்ரீபன் நினைத்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கரித்துண்டு இருந்தது. பனிமலையின் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுவையில் கிழித்தார். றெஜிபோமைக் கையாலேயே பிடுங்கிப் போட்டார். வெறும் சுவரில் கரியால் ஒரு கோடு கீறினார். பிறகு இன்னொன்று, பிறகு மேலே, கீழே. கோணலான ஒரு பெட்டி.

"இதிலயிருந்து இதுமட்டும்" என்றார். "யன்னலுக்குக் கதவு வைக்கோணும். இரவில நான் பூட்டுவன்."

"நீ பூட்டினால் வந்தவை எப்பிடிக் கடலைக் கேக்கிறது?"

புனிதம் யோசித்தார். "அவையள் வந்தால் அவையள் பாத்துக்கொள்ளட்டும். ஆக்கள் இல்லாத நாளில பூட்டுவன்."

சுவரை உடைத்தது றொமேசும் அவன் கூட்டிவந்த இரண்டு பேரும். ஸ்ரீபனைச் சம்மட்டியைத் தொடவும் விடவில்லை. அதனால் அவர் பழையபடி கரைவலைக் குரலில் கத்தினார், மற்றவர்கள் இடித்தார்கள். "பாத்தீங்களே, நான் சொன்னது சரிதானே, இவர் கத்துவார், நாங்கள் இழுப்பம்" என்றான் றொமேஸ். கடைசிக் கல் வெளிப்பக்கம் விழுந்ததும் உள்ளே முதலில் வந்தது காற்றுத்தான். சத்தம் அதற்குப் பின்னால் வந்தது.

சனிக்கிழமை காலையில் செல்வராசா வானோடு வந்து இறங்கினார். அறைக்குள் கட்டிலும் இல்லை, அலுமாரியும் இல்லை. இரண்டும் முற்றத்தில் தூசி படிந்து நின்றன. சுவரில் ஒரு பெரிய ஓட்டை.

"என்னத்தான், கொண்டுபோக வான் வரும் எண்டு சொல்ல, வீட்டையே உடைச்சுப்போட்டீங்கள்?"

ஸ்ரீபன் மீசையைத் தடவினார். போனில் சொன்ன வார்த்தையை எப்படித் திருப்பி எடுப்பது என்று இரண்டு இரவாக யோசித்தும் ஒன்றும் வரவில்லை. அவருக்காகப் புனிதம் பேசினார்.

"தம்பி, கேற்றடிக்கு வேற ஆளைப் போடு. அத்தான் வரமாட்டார்."

"அக்கா, நித்திரை வராத வோச்சருக்கு நான் எங்க போறது?"

"அது உன்ர பாடு. இஞ்ச இவருக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

ஸ்ரீபன் ஓட்டையால் கையைக் காட்டினார். வெளியே வாடிக்கு முன்னால் இரண்டு கதிரைகள் கடலைப் பார்த்தபடி கிடந்தன. "அந்தக் கதிரையள் இருக்கெல்லே, அதுகளை எடுத்து முன்னுக்குப் போடாமல் இருக்கிறது. அதுதான் என்ர வேலை. லேசில்லை மச்சான், கை தானாப் போகுது."

செல்வராசா இரும்புக்கடைக்காரர். ஓட்டையைக் கண்டால் அளக்காமல் அவரால் நிற்க முடியாது. சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, குறுக்கும் நெடுக்கும் பிடித்துப் பார்த்து, "ஆரக்கா இதுக்குக் கோடு கீறினது? நாலு மூலையும் நாலு பக்கம் போகுது" என்றார்.

"நான்தான்."

"நல்ல வடிவாக் கிடக்கு" என்று உடனே சொன்னார். "ஆனா பிறேம் அலுமினியத்திலதான் போடோணும். இரும்பெண்டால் இந்தக் காத்துக்கு ஆறு மாதம் தாங்காது."

கட்டிலும் அலுமாரியும் ஏற்ற வந்த வான் வெறுமையாக வவுனியாவுக்குத் திரும்பி, செவ்வாய்க்கிழமை ஒரு யன்னல் பிறேமோடு வந்தது. றூயியும் இனேஸும் பதிந்ததற்கு மேல் நாலு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். பஸ் ஏறும்போது இனேஸ் புனிதத்தின் இரண்டு கையையும் பிடித்து ஏதோ சொன்னார். அதில் தெரிந்த சொல் ஒன்றுமில்லை, ஆனால் புனிதம் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அவர்கள் போனில் எழுதியதை டிலுசா வாசித்துக் காட்டினாள். கோழியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சூடையைப் பற்றி மூன்று வரி. "இங்கே ஒரு மனிதர் தான் உறங்கும் இடத்தை எனக்குத் தந்தார்" என்று றூயி ஒரு வரி. அந்த வரியை மட்டும் ஸ்ரீபன் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, ஓட்டோவுக்குக் காற்று போதாது என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார். ஓட்டோவுக்குக் காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அறைக்கு அடுத்த ஆட்கள் புரட்டாசியில் வருகிறார்கள். இடைப்பட்ட நாட்களில், சொன்னபடி, இருட்டுகிற நேரத்தில் புனிதம் போய் அந்த யன்னலைப் பூட்டுவார். பூட்டுகிறவர் வெளியே பார்க்கவேண்டித்தான் இருக்கிறது, கொக்கி வெளிப்பக்கமாக எட்டி இழுக்க வேண்டியது. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். இப்போது இழுக்க முந்திக் கொஞ்சநேரம் நிற்கிறார். கொக்கியை உள்பக்கமாக மாற்றித் தரவா என்று ஸ்ரீபன் கேட்டதற்கு, "கிடக்கட்டும்" என்றார்.

றொமேசுக்குத்தான் நட்டம். இனி யாரும் அவனைப் பார்க்கப் போவதில்லை. சீப்பு மட்டும் இன்னும் கடையில் இருக்கிறது.